வாசிகசாலை வாங்கில் எழுத்துக் கூட்டியவர்கள்

ஒக்டோபர் மாதம் வந்தால் இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருப்பவன் என்ற ஒரே தகுதியின் பேரில் என்னையும் ஏதாவது ஒரு பாடசாலைக்குப் பேச அழைப்பார்கள். அப்படிப் போன ஒரு விழாவில், வாசிப்புப் போட்டியில் வென்ற பிள்ளைகள் மேடையில் நின்று கணீரென்று வாசித்தார்கள். பின்னர் எல்லோரும் சேர்ந்து ஒரு பந்தியைப் பார்த்து வாசித்தார்கள். கடைசி வரிசையில் நின்ற சிறுவன் ஒருவன் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். மற்றவர்களின் உதடுகள் மூடி ஒரு கணம் கழித்தே அவனுடைய உதடுகள் மூடின.

அந்த உதட்டசைவு எனக்கு நன்கு பழக்கமானது. 1977ஆம் ஆண்டில், மூன்றாம் வகுப்பில், அதே வித்தையைச் செய்து பல மாதங்கள் தப்பித்திருந்தவன் நான். விழாவில் பேச எழுதிக்கொண்டு போன பேச்சை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன். அன்று பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வலிகாமத்துக் கிராமம் ஒன்றில், கல்வியே மூலதனம் என்று மேடைதோறும் சொல்லப்படும் யாழ்ப்பாணத்தில், வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையாக இருப்பது இலகுவான காரியம் அல்ல. எனக்கு எழுத்துகள் தெரியும். அவற்றைச் சேர்க்கத்தான் வராது. ‘ர’வும் ‘ற’வும், ‘ல’வும் ‘ள’வும் ‘ழ’வும் கண் முன்னே இடம் மாறும். அன்று எமது புத்தகங்களில் பழைய எழுத்துருவே இருந்தது. ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற கொம்பை முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்குக் கால் இராது, எழுத்தே வளைந்து சுழிந்துகொள்ளும். தமிழகத்தில் 1978இல் இவை உட்படப் பதின்மூன்று எழுத்துகள் சீர்திருத்தப்பட்டன. அது எங்கள் கொப்பிகளுக்கு வந்துசேரக் காலம் எடுத்தது. வகுப்பில் என் முறை வந்தபோது பக்கத்தில் இருந்தவன் வாசித்ததை மனனம் செய்து ஒப்புவித்துவிடுவேன். ஒருநாள் ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அன்று பின்னேரம் வரை வாங்கின் மேல் ஏறி நின்றேன். அவர் கெட்டவர் அல்லர். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்த வகுப்பில், ஒருவனுக்காக எல்லோரையும் நிறுத்தி வைக்க அவரால் முடிந்திராது என்பதை இன்று விளங்கிக்கொள்கிறேன். அன்று விளங்கவில்லை.

என்னை மீட்டது எமது கிராமத்து வாசிகசாலை. இரண்டு வாங்குகள், ஒரு நீண்ட மேசை, பூட்டப்பட்ட ஓர் அலுமாரி, மாலையில் ஏற்றப்படும் ஒரு பெற்றோமக்ஸ். அவ்வளவுதான். வீரகேசரி, தினகரன், தினபதி, ஈழநாடு என்று பத்திரிகைகள் வரும். உயர்தரப் பரீட்சை எழுதி, நல்ல புள்ளிகள் பெற்றும், 1970களில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தலினால் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்து வீட்டில் நின்ற இளைஞர்கள் அக்காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களில் சிலர் ஆயுதம் தேடிப் போனதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. வாசிகசாலைத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்தவர்களை அது அவ்வளவாகப் பதியவில்லை. எமது ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை அண்ணை என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

அண்ணை எனக்குப் புத்தகம் தரவில்லை. மாலையில் வாசிகசாலைக்கு வரும் கமக்காரர் சிலருக்கு வாசிக்கத் தெரியாது. சிலருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அவர்களிடம் என்னைக் கொண்டுபோய் விட்டார்.

“தம்பி, இந்தத் தலையங்கத்தை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு. அப்புவுக்குக் கண் தெரியேல்லை.”

பெரிய எழுத்து, இரண்டு மூன்று சொற்கள். முதல் வாரம் தலையங்கம் மட்டும். அதன் பின் தலையங்கத்தின் கீழுள்ள முதல் வசனம். பிழை விட்டால் அண்ணை திருத்தமாட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவருக்குப் பொருள் விளங்காமற் போகும், அவரே “என்ன சொன்னனி?” என்று கேட்பார். நான் திரும்பிப் பார்த்து வாசிப்பேன்.

ஒரு மாலைப்பொழுது தெளிவாக நினைவில் நிற்கிறது. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதனால் யாழ்ப்பாணக் கமக்காரரின் கையில் முதன்முறையாகக் காசு புழங்கியது. கல்வீடுகள் எழுந்தன, நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அக்காலத்தில் பத்திரிகையில் ‘இறக்குமதி’ என்ற சொல் எங்கு வந்தாலும் எங்கள் வாசிகசாலையில் மூச்சு நின்றுவிடும். அன்று அந்தச் சொல்லை நான் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தேன். அடுத்த சொல் வரவில்லை. தடையா, அனுமதியா, அதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்தாறு கிழவர்கள் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெரிய பையன் ஒருவன் எட்டிப் பார்த்துச் சொல்ல முயன்றான். “நீ பொறு, அவன் வாசிக்கட்டும்” என்றார் ஒரு கிழவர். நான் எழுத்துக் கூட்டினேன். செய்தி அவர்களுக்கு நல்லதாக இருக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதருக்கு வேண்டிய ஒன்று என் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை.

அந்த மாலைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பதை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது எமது மண்ணில் பத்திரிகையோடு வந்த வழக்கம் அன்று. கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். ஏடு பார்க்க அறியாதவரும் புராணம் அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் காட்டிக்கொடுத்தான். இந்தச் சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்து போன கதை சுவையானது. சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கென இருந்த காப்பகத்தை 1789 முதல் மேற்பார்வை செய்த அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், ஒருநாள் வழியில் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தமது பள்ளியிலும் அதைச் செய்ய விரும்பினார். கீழ்வகுப்பு ஆசிரியர்கள் அதற்கு இணங்கி வரவில்லை. ஆகவே ஏறத்தாழ எட்டு வயதான மாணவன் ஒருவனிடமே எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். வளர்ந்தவர்களால் முடியாததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. எங்கள் திண்ணையிலிருந்து போன பொருளை நாங்கள் பின்னர் ஆங்கிலப் பெயரோடு இறக்குமதி செய்துகொண்டோம் என்பது வேறு கதை.

யாழ்ப்பாணத்தில் 1816இல் கால்வைத்த அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் பள்ளிகளை அமைத்தனர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலரைச் சமயத்துக்காகப் போற்றுவோரும் தூற்றுவோரும் உளர். என்னைப் போன்ற ஒரு மந்த வாசகன் அவருக்குக் கடமைப்பட்டிருப்பது வேறொரு காரணத்துக்காக. அவர் பிள்ளைகளுக்கென்று வசனநடையில், படிநிலை வகுத்துப் பாலபாடங்கள் எழுதினார். செய்யுளை மனனம் செய்தவன் எல்லாம் வாசிக்கத் தெரிந்தவன் என்று எண்ணப்பட்ட காலத்தில், பார்த்து வாசித்து விளங்கிக்கொள்வதற்கென்று எழுதப்பட்ட வசனம் அது.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் வாசல் திறந்தது. உள்ளே போன பிள்ளை பின்தங்கினால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கவில்லை. எந்தச் சட்டத்திலும் இருக்க முடியாது. அதற்குக் கிராமங்கள் கண்ட விடைகளில் ஒன்றுதான் வாசிகசாலை. யாழ்ப்பாணப் பொது நூலகமே 1930களின் முற்பகுதியில் க.மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் சனசமூக நிலையங்கள் பெருகின. எங்கள் ஊரில் நடந்தது போன்ற மாலை வகுப்புகள் அவற்றில் பலவற்றில் நடந்தன. கட்டணம் இல்லை. வரவுப் பதிவு இல்லை. முக்கியமாக, முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்ற வரிசை இல்லை.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லா வாசிகசாலைகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்ற சமாசன உத்தரவுக்கே 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தீவைப்பு வரை எதிர்ப்பு எழுந்த நாடு இது. வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் எத்தனை பேர் தாமாகப் பின்தங்கினார்கள், எத்தனை பேர் பின்னால் தள்ளப்பட்டார்கள் என்று கேட்க வேண்டும். 1927இல் பிறந்த டொமினிக் ஜீவா, வகுப்பறையில் சாதியின் பேரால் பட்ட அவமானத்தோடு ஆரம்ப வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியவர். குடும்பத்தாரின் சிகை அலங்கார நிலையத்தில் வாடிக்கையாளருக்காக வாங்கிப் போடப்பட்ட பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் அவருடைய பாடநூல்களாயின. ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி நான்கு தசாப்தங்களுக்கு மேல் நடத்தினார். 2021இல் அவர் காலமானபோது நாங்கள் எழுதிய அஞ்சலிகளில் எல்லாம் அவருடைய சாதனை இருந்தது. அந்த வகுப்பறையிலிருந்து அவரைப் போலவே வெளியேறி, ஒரு சலூன் மேசையும் வாய்க்காத மற்றப் பிள்ளைகளைப் பற்றி எழுத எங்களிடம் தகவல் இருக்கவில்லை.

மலையகத்தின் நிலை இன்னும் மோசமானது. 1907ஆம் ஆண்டின் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் விட்டது. ஆறு வயது முதல் பத்து வயது வரை. அதற்கு மேல் கொழுந்து பறிக்கவும் புல்லு வெட்டவும் கைகள் தேவை. ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அங்கும் லயத்து வாசலில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு இராப் பள்ளி நடத்திய இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களின் வரலாற்றை மலையகத்தைச் சேர்ந்தவர்களே எழுத வேண்டும். நான் எழுதினால் அது விருந்தாளியின் குறிப்பாகவே இருக்கும்.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். பத்து வயதாகும்போது நான் முழுப் பத்திரிகையையும் வாசித்துக் காட்டக்கூடியவனானேன். மரண அறிவித்தல்களை வாசிப்பதற்குத்தான் அதிக வரவேற்பு. அண்ணை என்னை ஒருமுறை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு 1967இல் திறக்கப்பட்ட சிறுவர் பகுதி இருந்தது. உயரம் குறைந்த மேசைகளும் கதிரைகளும் எங்களுக்கென்றே செய்யப்பட்டிருந்ததைக் கண்டு நான் உட்காரத் தயங்கி நின்றேன். 1981 மே 31ஆம் திகதி நள்ளிரவையொட்டி அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. அதன் பின் சில நாட்கள் எமது வாசிகசாலையில் வாசித்துக் காட்ட ஈழநாடு வரவில்லை. கிழவர்கள் மேசையைச் சுற்றி வழக்கம்போல் வந்து அமர்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

1990 ஜூன் மாதத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பத்திரிகைத் தாள் இல்லை. கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. நான் அப்போது கலைப்பீட மாணவன். பகுதி நேரமாக ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநர். ‘ர’வையும் ‘ற’வையும் மாறி வாசித்தவனுக்கு அவற்றைத் திருத்துவதற்குச் சம்பளம் கிடைத்தது. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த அந்நாட்களில், ஒரு போத்தல் விளக்கைச் சுற்றி அயலிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் கூடிப் படித்தார்கள். சிக்கனத்துக்காகத்தான் கூடினார்கள். ஆயினும் பெரிய பிள்ளையின் அருகில் சிறிய பிள்ளை இருந்ததனால், கேட்காமலே சொல்லிக்கொடுத்தலும் நடந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில், உள்ளூர்ப் பிள்ளைகள் காலையிலும் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பிற்பகலிலும் ஒரே கட்டடத்தில் படித்தனர். பாடசாலையே மாலை வகுப்பாகிவிட்ட காலம்.

ஆனால் வாசிகசாலையின் மாலை நேரத்தைக் கொன்றது யுத்தம் மட்டுமன்று. யுத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. ரியூசன் அதை வென்றது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு, சாதாரண தரத்துக்கு, உயர்தரத்துக்கு என்று கொட்டில் கொட்டிலாகத் தனியார் கல்வி நிலையங்கள் எழுந்தன. அங்கும் திறமையான, நல்ல மனம் படைத்த ஆசிரியர்கள் உள்ளனர். ஆனால் ரியூசன் என்பது முன்னால் ஓடுபவனை இன்னும் வேகமாக ஓட வைப்பதற்காக ஏற்பட்டது. ஏழு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அங்கு வகுப்பும் இல்லை, நேரமும் இல்லை. காசு கொடுத்து வந்த நூறு பிள்ளைகளின் நடுவே அந்தப் பிள்ளை உதட்டை அசைத்துக்கொண்டிருப்பது இன்னும் இலகு. நான் இதைக் குறையாகச் சொல்வதற்கு எனக்கு உரிமை குறைவு. என் மகளை நானே ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டவன். வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றவன்.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் பாடசாலைகள் மூடப்பட்டன; திறந்தும் மூடியும் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது, கோடிட்ட தாளில் பத்திரிகை அச்சிட்டதை நினைத்துக்கொண்டேன். அக்காலத்தில் கடலுக்கு அப்பால் தமிழகம் செய்த ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. 2021 ஒக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு, பாடசாலை முடிந்த பின், வீட்டுக்கு அருகிலேயே மாலை வகுப்பு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள்; பெரும்பாலானோர் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஆய்ந்து பார்த்தனர். பாடசாலைகள் மீண்டும் திறந்த பின் ஆறு மாதங்களுள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை பிள்ளைகள் மீட்டிருந்தனர். அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாலை வகுப்பினால் வந்தது என்று கண்டனர். திட்டத்தைப் பற்றி அங்கே அரசியல் விமர்சனங்களும் எழுந்தன. அவை என் விடயமல்ல. நான் கணக்கை வாசித்துவிட்டு அண்ணையை நினைத்தேன். அவரிடம் கணக்கு எதுவும் இருக்கவில்லை.

எமது வாசிகசாலைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். வெளிநாட்டுக் காசில் புதுக் கட்டடம். கொடையாளர் பெயர்ப்பலகை அலுமாரியை விடப் பெரிது. பத்திரிகைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. உள்ளே இருந்த பெண் பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவள். “மாலையிலை சின்னப் பிள்ளையள் வருவினமோ?” என்று கேட்டேன். “அவையளுக்கு ரியூசன், அங்கிள்” என்றாள். சிறிது யோசித்துவிட்டு, “ஒருத்தன் மட்டும் வாறவன். அவனை ரியூசனிலை நிப்பாட்டிப் போட்டினம்” என்றாள். அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டேன். அப்பம்மாவின் மருந்துத் துண்டையும் கரண்ட் பில்லையும் கொண்டுவந்து வாசித்துவிட்டுப் போகிறானாம்.

அண்ணை இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறது, கண் பார்வை மங்கிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பின்தங்கிய பேரன்தான் மாலைகளில் கணினியைத் திறந்து அவருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறான். சென்ற மாதம் பேரன் தட்டச்சு செய்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை என்று அண்ணை குறிப்பிட்டிருந்தார். ‘ழ’ இன்னும் சரியாக வரவில்லையாம், மற்றவை பரவாயில்லையாம். எனக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது. நான் எழுதும் வசனங்கள் நீளமாக இருக்கின்றனவாம். பையனுக்கு நடுவில் மூச்சு முட்டுகிறதாம். முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் முன்னதாகப் போடச் சொல்கிறார்.